கீலுக்கும் ஒரு கீல் உண்டு: சிறு பாய்மரப் படகின் மடக்குக் கீலைக் கழற்றிச் சரிசெய்வது

கதவைத் தாங்கும் கீல் எல்லோருக்கும் தெரியும். மரப்படகின் பலகை இடுக்கில் காய்ச்சி ஊற்றும் கீல் இன்னொன்று. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைக்குத் தமிழில் ஏரா என்று பெயர் இருந்தாலும், பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் அதையும் இன்று கீல் என்றே சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கீலைப் பற்றியது. அதன் தலையிலும் கதவுக் கீல் மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. கோளாறெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

மடக்குக் கீல் என்பது மடக்குக் கத்தியின் அலகு போல. டிரெய்லரில் ஏற்றும்போது படகின் வயிற்றில் உள்ள பிளவுக்குள் மடங்கிக்கொள்ளும். தண்ணீரில் இறங்கியதும் கம்பி வடத்தைத் தளர்த்தினால் கீழே இறங்கும். பாய் காற்றில் சாயும்போது படகைக் கவிழவிடாமல் பிடிப்பது இதன் கனம். அமெரிக்காவில் 1969 முதல் தயாரான கேட்டலினா 22 என்ற படகை எடுத்துக்கொண்டால், அதன் வார்ப்பிரும்புக் கீல் மட்டும் ஏறக்குறைய 250 கிலோ. மடக்கினால் படகுக்கு 60 செ.மீ. ஆழத் தண்ணீர் போதும், இறக்கினால் 150 செ.மீ. வேண்டும். என் படகும் ஏறக்குறைய அதே அளவு, அதே வயது. கீழே சொல்லும் அளவுகளை உங்கள் படகுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை இந்த வேலையைச் செய்தபோது எட்டு நாள் இரும்பைத் தேய்த்து மெழுகினேன், மூட்டின் அச்சாணியான பின்னுக்கு (pin) அரை நாள்தான் ஒதுக்கினேன். கீல் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த வருடமே திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கீலின் மேனி கரடுமுரடாக இருந்தால் படகு கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். பின்னும் துளையும் வடமும் கெட்டால் கால் டன் இரும்பு கழன்று விழும். நேரத்தையும் பணத்தையும் இதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது கழற்ற வேண்டும்?

படகு நங்கூரத்தில் நிற்கும்போது, சின்ன அலைக்கும் அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று சத்தம் வந்தால் பின் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேகமாக ஓடும்போது ரீங்காரம் மாதிரி ஒரு அதிர்வு கேட்டால் பயப்பட வேண்டாம், இறுகிய வடம் தண்ணீரோட்டத்தில் பாடுகிறது. வடத்தைச் சுருட்டும் வின்ச்சைச் சுற்றும்போது பாதியில் சிக்குகிறதா? பிளவுக்குள் கொட்டலசு (படகடியில் ஒட்டிக்கொண்டு வளரும் ஓடுள்ள கடலுயிர்) அடைத்திருக்கலாம், அல்லது துரு பொருக்காகப் பொங்கியிருக்கலாம். சென்னைத் துறைமுகத் தண்ணீரில் சில வாரம் நிறுத்தினாலே போதும், கொட்டலசு குடித்தனம் வந்துவிடும்.

சத்தம் எதுவும் இல்லாவிட்டாலும், பழைய படகு வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளர் சொன்னதை நம்பாமல் ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது நல்லது.

காலம் என்றால் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். மழை ஒரு காரணம், காற்றில் உள்ள ஈரம் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகளெல்லாம் கரையேறிப் பழுது பார்க்கப்படுவதால், காசிமேட்டில் வெல்டரோ பைபர் வேலை தெரிந்தவரோ லேசில் கிடைக்க மாட்டார்கள். கத்திரி வெயிலில் எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்து இறுகவிடும் பிசின்) கலப்பதும் தனி நரகம், அதைப் பிறகு சொல்கிறேன்.

படகைத் தூக்குவது

பாய்மரம், அவுட்போர்டு எஞ்சின், பேட்டரி, தண்ணீர்க் கேன், நங்கூரம் எல்லாவற்றையும் முதலில் இறக்கிவிடுங்கள். கீலைப் பிளவிலிருந்து கீழே எடுக்க எவ்வளவு உயரம் தேவை என்று அளந்துகொள்ளுங்கள். கீலின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை உள்ள அகலம், தள்ளுவண்டியின் உயரம், அதற்கு மேல் ஒரு சாண். இந்த மூன்றையும் கூட்டினால் பிளவின் வாய்க்கும் தரைக்கும் இடையே வேண்டிய இடைவெளி.

டிரெய்லரில் வைத்தபடியே செய்துவிடலாம் என்று தோன்றும். டிரெய்லரின் குறுக்குச் சட்டங்கள் கீலுக்கு நேர் கீழே வருவதால் பெரும்பாலான படகுகளில் அது நடக்காது. நான் செய்யும் முறை இது. கீலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக, டிரெய்லரைவிட அகலமான இரண்டு இரும்புக் குறுக்குச் சட்டங்களைப் படகின் அடியில் செருகுவேன். ஒவ்வொரு சட்டத்தின் இரு முனையிலும் ஜாக்கி. இரண்டு விரல் உயர்த்துவது, உடனே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பாரத்தை அதில் இறக்குவது, மறுபடி இரண்டு விரல். டிரெய்லரின் பலகைகளும் கீலின் அடியும் ஒன்றையொன்று தொடாத உயரம் வந்ததும், டிரெய்லரை முன்பக்கமாக இழுத்து வெளியே எடுத்துவிடலாம். முன்பக்கம்தான் இழுக்க வேண்டும். பின்பக்கம் தள்ளினால் டிரெய்லரின் வின்ச் கம்பம் முதல் சட்டத்தில் இடித்து அடுக்கையே சாய்த்துவிடும்.

சட்டம் படகைத் தொடும் இடத்தில் பழைய டயர்த் துண்டோ கனமான கம்பளமோ வையுங்கள். படகுக்குள் தடுப்புச் சுவர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே சட்டம் வந்தால் நல்லது, வெறும் ஓட்டின் நடுவில் வந்தால் பைபர் உள்ளே குழியும். ஈசிஆர் ஓரத்துக் காலிமனையில் வேலை என்றால் தரை மணல். அடுக்கின் கீழே அகலமான பலகை போடாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பக்கம் புதைந்துவிடும்.

எனக்கு உதவிக்கு வந்த காசிமேட்டுக்காரர் முதல் நாளே சொன்னது: “ஜாக்கிய நம்பி உள்ள போவாதீங்க சார். மொதல்ல கட்டய வையி.” ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்குக் கட்டை. வடத்தில் தொங்கும் கீலுக்குக் கீழேயும் யாரும் படுக்கக் கூடாது. ஐந்து நிமிட வேலைதான் என்று தோன்றும்போதும் கூடாது.

கழற்றுவது

கீலின் மூட்டு இரண்டு வகை. சில படகுகளில் பின் பிளவின் இரு சுவரையும் ஊடுருவிக் குறுக்கே போகும், வெளியே மூடி இருக்கும். வேறு சிலவற்றில், கேட்டலினா 22-இல் உள்ளது போல, பின்னின் இரண்டு முனையும் இரண்டு தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும்; அந்தத் தாங்கிகளைக் கீழிருந்து போல்ட் போட்டுப் படகில் பிடித்திருப்பார்கள். இரண்டாவது வகையில் போல்ட்டைக் கழற்றினால் பின்னோடு கீல் இறங்கிவிடும். எதுவானாலும், இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்துவிடுங்கள். காஸ் டார்ச்சால் சூடு காட்டுவது இரும்பு வேலையில் சரி. இங்கே இரண்டு அங்குலம் தள்ளி பைபர் இருக்கிறது, அது கருகிவிடும்.

தள்ளுவண்டியைக் கீலுக்கு அடியில் கொண்டுவந்து, மேலே கட்டை அடுக்கி, கீலின் முழு எடையும் வண்டிக்கு வரும் வரை மெல்ல உயர்த்துங்கள். வடம் தொய்ய வேண்டும். தொய்ந்ததும், வடத்தைக் கீலோடு இணைக்கும் ஷேக்கிளைக் கழற்றி வடத்தை விடுவித்துவிடுங்கள்.

நான் தப்பு செய்த இடம் இதற்கு அடுத்ததுதான். வேலை நடப்பது தலைப்பக்கம், அதனால் வண்டியையும் தலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். கீலின் எடையில் பெரும்பகுதி அதற்குப் பின்னால் இருந்தது. வால் கீழே போகப் பார்க்க, தலை மேலே எம்பப் பார்க்க, அந்த எம்பலைப் பின்தான் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. துரு என்று நினைத்து இன்னும் எண்ணெய் விட்டேன். அது துரு இல்லை, பாரம். கடைசி போல்ட் வெளியே வந்த நொடியில் வால் தரையில் மோதியது, தலை மேலே துள்ளிப் பிளவின் கூரையில் இடித்தது. வண்டி நழுவி ஓடியது. அதற்குச் சற்று முன்புதான் அந்த இடுக்கிலிருந்து விரலை எடுத்திருந்தேன்.

அதன் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட வழக்கம்: தாங்கல் இரண்டு இடத்தில் இருக்கும், எடை மையத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னின் முனை கைக்கு எட்டினால் அது கையாலேயே சுழல வேண்டும். எட்டாத படகில், நான்கு போல்ட்டையும் கால் திருகு இளக்கிவிட்டுப் பாருங்கள். தாங்கி நான்கு மூலையிலும் ஒரே அளவு இறங்கினால் பாரம் சரியாக வண்டியில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக நின்றால் வண்டியை நகர்த்தி மறுபடி தூக்குங்கள். போல்ட்டுகளை ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள்.

இறக்கும்போது நான்கு பேர் வேண்டும்: ஜாக்கிக்கு ஒருவர், கட்டை உருவ ஒருவர், கீல் பக்கவாட்டில் சாயாமல் இரு பக்கமும் ஒவ்வொருவர். மெல்லிய பக்கத்தில் நிற்கும் இரும்பு எப்போது வேண்டுமானாலும் சாயும். வெளியே வந்ததும் உடனே படுக்கப் போட்டுவிடுங்கள்.

பின், துளை, புஷ்

வெர்னியர் எடுத்துப் பின்னை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். முனையில் 25 மி.மீ. இருப்பது நடுவில் 22 இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தேய்மானத்துக்குக் கடலைவிட ரோடு முக்கியக் காரணம். டிரெய்லரில் கீலை ஒரு குறுக்குக் கட்டையில் உட்கார வைக்காமல் வடத்திலும் பின்னிலும் தொங்கவிட்டு ஓட்டினால், ஈசிஆரின் ஒவ்வொரு வேகத்தடையிலும் 250 கிலோ சுத்தியல் ஒன்று பின்னை அடிக்கிறது.

துளை வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். தேய்மானம் பாதி, மின்வேதி அரிப்பு மீதி. வெண்கலப் பின்னும் வார்ப்பிரும்பும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது இரும்புதான். எவர்சில்வர் பின் போட்டாலும் இதே கதை. கூடவே, காற்றோட்டமில்லாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் எவர்சில்வரே குழி விழும்.

பின் கடைய லேத் பட்டறைக்குப் போனால் ஒரு பேச்சு கட்டாயம் வரும். கிண்டியில் எனக்குக் கிடைத்தது: “எதுக்கு சார் கன்மெட்டல்? பித்தளையிலயே போட்டுத் தரேன், தங்கமாட்டம் மின்னும்.” மின்னும், சந்தேகமில்லை. ஆனால் கடல் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சிவிடும். வடிவம் அப்படியே இருக்க, உள்ளே செம்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஆகி ஒருநாள் பிஸ்கட் போல முறியும். பித்தளை வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். வெண்கலமோ கன்மெட்டலோ போதும். எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் 316 ரகம். காந்தத்தை வைத்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது, கடைக்காரர் காந்தம் காட்டினால் சிரித்துவிட்டு, 316-இல் சேர்த்திருக்கும் மாலிப்டினத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைச் சொட்டு மருந்து கேளுங்கள்.

துளையைச் சரிசெய்ய, கீலையே பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் நல்லது. 250 கிலோ துண்டை லேத்தில் மாட்ட முடியாது, ரேடியல் டிரில்லிங் மெஷின் உள்ள இடம் வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தேடினால் கிடைக்கும். துளையைப் பெரிதாக்கி வட்டமாகக் கடைந்து, புஷ் (துளைக்குள் உட்காரும் குழல் உறை) இறக்கி, புஷ்ஷுக்குள் பின் கையால் நுழையும் அளவு வைக்கச் சொல்லுங்கள். கீலின் பக்கத்துக்குத் துளை செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். அரை டிகிரி கோணல் இருந்தாலும் ஒன்றரை மீட்டர் தள்ளி வால் பிளவின் சுவரில் உரசும். புஷ்ஷுக்கு டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் எனக்குப் பிடித்தது, இரும்பையும் வெண்கலத்தையும் தொடவிடாமல் பிரித்தும் வைக்கும். நைலான் மலிவு, ஆனால் தண்ணீர் குடித்து உப்பிப் பின்னைக் கவ்விக்கொள்ளும்.

கீலின் இரு பக்கமும் டெல்ரின் வாஷர் போட்டுப் பக்கவாட்டு ஆட்டத்தையும் குறைத்துவிடுங்கள்.

வடம் எப்படி இருந்தாலும் புதிது. ஒரு பழைய துணியால் வடத்தைத் தடவினால் அறுந்த இழைகள் மீன்முள் மாதிரி துணியைப் பிடிக்கும், ஆனால் கெடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள். ஷேக்கிள், வளையம், பிளவின் கூரையில் வடம் நுழையும் இடத்து ரப்பர்க் குழாய் எல்லாம் அதோடு சேர்ந்து மாற வேண்டும். அந்தக் குழாய் கிழிந்தால் படகுக்குள் நேராகக் கடல்.

துருவும் பெயிண்ட்டும்

பொருக்கைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டு மணல்வீச்சுக்கு அனுப்புவதுதான் சுலபம். உலர் ஆற்றுமணல் வீசும் இடங்களைத் தவிருங்கள், அந்தத் தூசு வேலை செய்கிறவரின் நுரையீரலைத் தின்னும். செம்பு ஆலைக் கசடு கொண்டு வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே என்றால் கிரைண்டரும் கம்பி பிரஷ்ஷும், மூக்குக்கு நல்ல முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை.

வார்ப்பிரும்பின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் சில மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவி மறுபடி வீச வேண்டும். கழுவக் கடற்கரையோர போர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், அதிலேயே உப்பு இருக்கும். நான் குடிக்கிற கேன் தண்ணீரையே வாங்கி ஊற்றினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

கடைசி வீச்சு முடிந்த அன்றே முதல் பூச்சு விழுந்தாக வேண்டும். சென்னைக் கடற்காற்றில் வெறும் இரும்பு மறுநாள் காலை வரை தாங்காது. அதே சமயம் அதிகாலையில் அடிக்கக் கூடாது, ராத்திரி குளிர்ந்த இரும்பின் மேல் பனி வியர்த்திருக்கும். காலை பத்து மணிக்கு மேல், நிழலில், இரும்பின் சூடு பனிநிலை வெப்பத்தைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கும்போது அடியுங்கள்.

பூச்சு எபாக்ஸிதான். நம் பைபர் வள்ளங்கள் கட்டும் ரெசின் பாலியெஸ்டர். அது காயும்போது சுருங்கும், இரும்பை அவ்வளவாகப் பிடிக்காது. கார் டிங்கரிங் கடைப் பட்டியும் அதே குடும்பம், தண்ணீர் குடிக்கும். (பாலியெஸ்டர் ரெசினை வேறு எதற்காவது வாங்கினால், கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். வெடிக்கும்.) பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் ரசாயனக் கடைகளில் எபாக்ஸி கேட்கும்போது மெதுவாக இறுகும் ஹார்ட்னராகக் கேளுங்கள். பத்து டிகிரி சூடு ஏறினால் கலவை கெட்டியாகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆழமான டப்பாவில் அரை கிலோ கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பும்போது புகை வரும். நூறு இருநூறு கிராமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வேலை செய்யுங்கள்.

ஈரக் காற்றில் காய்ந்த எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதன் மேல் எம்ரித் தாள் போட்டால் பிசுக்கை உள்ளே தேய்த்தது போல ஆகும். முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும், பிறகு எம்ரி.

பெரிய குழிகளை எபாக்ஸிப் பட்டியால் நிரப்புங்கள், ஆனால் சிற்பம் செதுக்கத் தொடங்கிவிடாதீர்கள். பிளவின் உள் அகலத்தைப் பல இடத்தில் அளந்து, பூச்சோடு சேர்த்துக் கீலின் இரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அழகாகத் தடித்த கீல் பிளவுக்குள் போய் மாட்டிக்கொண்டு இறங்க மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குப் பாசி தடுக்கும் பெயிண்ட் தேவையே இல்லை. தண்ணீரிலேயே நிறுத்துகிறவர்கள் அடிக்கலாம், ஆனால் செம்பு கலந்த பெயிண்ட் வெறும் இரும்பைத் தொடக் கூடாது, நடுவில் எபாக்ஸி முழுசாக மூடியிருக்க வேண்டும்.

கீல் வெளியே இருக்கும் நாட்களில் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கொட்டலசைச் சுரண்டி எடுத்து, தாங்கி உட்காரும் இடத்தைச் சுற்றி பைபரில் மயிர்க்கோடு ஓடுகிறதா என்று விரலால் தடவுங்கள். போல்ட் போகும் மரை கெட்டிருந்தால் இப்போதே சரிசெய்வதுதான் புத்தி.

திரும்ப மாட்டுவது

கழற்றிய வரிசைக்கு நேர்மாறு. போல்ட் எல்லாம் புதிது. மாட்டும்போதும் நான்கையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள், கடைசியில் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தாங்கி வரை ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். பிறகு எப்போது குனிந்து பார்த்தாலும், கோடு பிசகியிருந்தால் போல்ட் இளகியிருக்கிறது என்று தெரியும். வடத்தை மாட்டி, தாங்கல்கள் இன்னும் அடியில் இருக்கும்போதே வண்டியைக் கொஞ்சம் இறக்கி வின்ச்சைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உரசல் சத்தம் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துத் தேய்த்து எடுக்கலாம்.

முதல் இறக்கம் அலை உள்ள கடற்கரையில் வேண்டாம். துறைமுகத்துக்குள், ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் 1911-இலிருந்து இருக்கும் அமைதியான தண்ணீர் போன்ற இடம் கிடைத்தால் நல்லது. படகு மிதந்ததும் டிரெய்லரை உடனே இழுத்துவிடாமல், வடக் குழாயையும் பிளவின் ஓரங்களையும் பழைய செய்தித்தாளால் ஒற்றிப் பார்த்து, கால் மணி நேரம் காத்திருங்கள். தாள் நனையாவிட்டால் கீலை முழுக்க இறக்கலாம். திறந்த கடலுக்குப் போகும்போது கீலின் பூட்டு போல்ட்டை இறுக்கிவிடுங்கள், படகு பலமாகச் சாய்ந்தால் கீல் உள்ளே மடங்கிவிடக் கூடாது. முட்டுக்காடு, பழவேற்காடு மாதிரி ஆழமில்லாத உப்பங்கழியில் நான் அதை இளக்கியே வைக்கிறேன், மணல்திட்டில் தட்டினால் கீல் தானாக மேலே ஏறட்டும்.

முதல் நாள் ஓட்டம் முடிந்து டிரெய்லரில் ஏற்றியதும், கீல் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறதா, வடம் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயிண்ட் கோடுகளை ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள்.